மின்சாரம் விற்கும் வீடுகள்

கரண்ட் பில்லைத் தொட்டாலே நமக்கு ஷாக் அடிக்கும். ஆனால் ஜெர்மனியில் ஃப்ரைபர்க் நகரத்தில் 59 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருக்கிறது. வருஷக் கணக்குப் பார்த்தால், செலவழிப்பதைவிட அதிக ஆற்றலை அது உற்பத்தி பண்ணுகிறது!

கட்டியவர் ரோல்ஃப் டிஷ் என்ற கட்டடக் கலைஞர். முதலில் ஆற்றல் செலவைக் குறைத்தார். சுவர்களுக்குக் கனமான வெப்பக்காப்பு. ஜன்னல்களுக்கு மூன்றடுக்குக் கண்ணாடி. வீடுகள் எல்லாம் தெற்குப் பார்த்தவை. குளிர்காலத்தில் சூரியன் தாழ்வாக வரும். வெயில் நேராக உள்ளே நுழைந்து சூடு தரும். கோடையில் சூரியன் மேலே ஏறும். நீட்டிய கூரை வெயிலை மறைத்துவிடும். அந்தக் கூரை முழுக்க சோலார் பேனல்!

அந்த சோலார் மின்சாரத்தை 20 வருஷத்துக்கு நிலையான விலையில் விற்க, 2000-ல் வந்த ஜெர்மன் சட்டம் வழிசெய்தது.

ஆனால் இப்படிக் கட்டும்போது ஒரு வீட்டின் நிழல் அடுத்த வீட்டின் கூரையில் விழக்கூடாது. அதனால் மனை பிரிக்கும்போதே இதைத் திட்டமிட வேண்டும்.

இதைக் கேட்ட நண்பர், "தெற்குப் பார்த்த வீடா? வாஸ்து ஒத்துக்காதே!" என்றார்.

"அங்கே வாஸ்து பார்க்கிறதே சூரியன்தாங்க!" என்றேன்.