உடுப்பும் உத்தரவும்



ஜெர்மானிய ராணுவச் சீருடையின் சரித்திரத்தைப் பேசும்படி மன்றத்தார் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரஷ்யாவை ஆண்ட முதலாம் பிரெடரிக் வில்லியம், பட்டையும் ஜரிகையையும் வெறுத்து, தன் படையினரின் நீல அங்கியையே தானும் தரித்து அரண்மனையில் உலவத் தலைப்பட்ட காலந்தொட்டு, அத்தேசத்தில் உடுப்புக்கு ஏற்பட்ட மகிமை தெய்வங்களுக்குக்கூட ஏற்பட்டதில்லை.

1813-இல் நெப்போலியனை எதிர்த்துப் புறப்பட்ட லுட்ஸோ தொண்டர் படையில் மாணவரும் கைவினைஞரும் திரளாகச் சேர்ந்தனர். ஆளுக்கொரு நிறத்தில் அவர்கள் உடுத்தி வந்த துணிகளையெல்லாம் ஒரே நிறமாக்கக் கறுப்புச் சாயமே சுலப வழியென்று கண்டு, அவற்றைச் சாயத்தில் தோய்த்து, சிவப்பு ஓரமும் பொன்னிறப் பொத்தானும் வைத்துத் தைத்தார்களே, அந்த மூன்று நிறங்களைத்தான் இன்று ஜெர்மானியக் கொடியில் காண்கிறீர்கள் என்பர். (கைதட்டல்) கைதட்டுங்கள், ஏழைகளின் சாயத்தொட்டிக்கு அது தகும்.

1842-இல் உச்சியில் ஈட்டிமுனை தாங்கிய தோல் தலைக்கவசம் வந்தது. அதைப் பற்றி விரிவாகவே சொல்லியிருப்பேன். ஆனால் என் மனம் 1906 அக்டோபர் 16-ஆம் தேதிக்கே ஓடுகிறது. வில்ஹெல்ம் ஃபோக்ட் என்னும் செருப்புத் தைக்கும் கிழவர், வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர், வெளியே வந்து வேலை தேடினால் முன்னாள் கைதி என்று ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர், பழைய துணிக் கடைகளில் ஒரு காப்டனின் உடுப்பை உறுப்புறுப்பாகச் சேர்த்து அணிந்துகொண்டு வீதிக்கு வந்தார். எதிர்ப்பட்ட சிப்பாய்களை, ஒரு பத்துப் பேர் இருக்கும், தம்மைப் பின்தொடரப் பணித்தார். ஏனென்று ஒருவனும் கேட்கவில்லை! அவர்களை ரயிலேற்றிக் கோப்பெனிக் நகரசபைக்குக் கொண்டுபோய், மேயரைக் கைது செய்து, கஜானாவிலிருந்து நாலாயிரம் மார்க்குக்கு அருகான தொகையைப் பெற்றுக்கொண்டு போனார். சிரிக்காதீர்கள், ரசீதும் கொடுத்தார்! (சிரிப்பு)

உடுப்பின் மகிமை நம்மிடமும் உண்டு. சென்ற மாதம் இதே மேடையில் ஒரு நண்பர், யாரென்று சொல்லமாட்டேன், தோளில் புதுச் சால்வை ஒன்று ஏறியவுடன் குரலையும் ஏற்றிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் இலக்கியத்தில் இடமில்லை என்று தீர்ப்பளித்தார். அந்தச் சால்வையைக் கிழவர் தோளில் போட்டிருந்தால் இதைவிடச் சிறப்பாகப் பேசியிருப்பார்! (நீண்ட கைதட்டல்)

இருக்கட்டும். சில நாட்களிலேயே பிடிபட்ட கிழவருக்கு நாலாண்டுச் சிறை விதித்தார்கள், உலகமே சிரித்தது, 1908-இல் சக்கரவர்த்தி கைசரே மன்னித்து விடுவித்தார். அப்புறம் என்ன? 1910-இல் வீதியில் மின்னிய நீலம் போய், போர்க்களத்தில் மண்ணோடு மறையும் சாம்பல் நிறம் வந்தது. தோல் கவசத்தைக் குண்டின் சிதறல்கள் பிளந்தபடியால் 1916-இல் எஃகுக் கவசம் வந்தது. நீலத்துக்கு நடுங்கிய ஜனங்கள் சாம்பலுக்கும் நடுங்கினார்கள், அவ்வளவுதான்.

நான் கேட்பது வேறு. தமக்கு வேண்டியது ஒரு கடவுச்சீட்டுத்தான் என்றார் அந்தக் கிழவர். இன்று அதே நகரசபை வாசலில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவரை ஊரைவிட்டுத் துரத்திக் கையெழுத்துப் போட்டானே அதிகாரி, அவன் பேர் இந்தச் சபையில் யாருக்காவது தெரியுமா?