"நல்லாத்தான் இருக்கேன்"
(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இந்த மண்டபத்தில் நான் கடைசியாக ஏறியது ஒன்பதாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில். பாதியில் மறந்துபோய் இறங்கிவிட்டேன். அதனால் இன்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறேன்.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். தலை சுற்றுகிற நாளில் மட்டும் பிரஷர் குளிசை போடுவார். கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்பார். தொலைபேசியில் கேட்டால், "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஒரே பதில். மருத்துவம் படித்த நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. ஒரு விடியற்காலையில் அவருக்கு வலது கை விழுந்தது, பேச்சும் போனது.

உயர் குருதி அமுக்கம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் அது நோய்தான். குளிசை அதை அடக்கி வைக்கிறது. அளவு சரியாக வந்துவிட்டது என்று நிறுத்தினால் மீண்டும் ஏறும். சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் ஒரே இரத்தக் குழாய்களைத்தான் கெடுக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதை விட்டால் இருதயம் தப்பாது.

சீனி வருத்தம் உள்ளவரின் பாதத்தில் உணர்ச்சி குறையும். அட்டை கடித்தாலும் முள் குத்தினாலும் தெரியாது. மலையில் இருந்து வந்ததும் காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கு வரை பார்க்க வேண்டும். கர்ப்ப காலத்தில் சீனி வந்து போனவர்கள், பிள்ளை பிறந்த பிறகும் தொடர்ந்து இரத்தம் சோதிக்க வேண்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடும் சம்பலும் அந்தக் கணக்கில் சேரும்.

பெண்களுக்கு மாரடைப்பு நெஞ்சுவலியாக மட்டும் வருவதில்லை. மூச்சுத் திணறல், தாடை வலி, வியர்வை, காரணமில்லாத களைப்பு என்றும் வரும். வாய்வு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள்.

இலங்கை, பங்களாதேஷ், பாகிஸ்தான் கிராமங்களில் பிரஷர் உள்ள 2,645 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2020இல் வெளியானது. பாதிக் கிராமங்களில் பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கே போய் அளந்து, விசாரித்து, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பினார்கள். வைத்தியர்களுக்கும் பயிற்சி கொடுக்கப்பட்டது. இரண்டு வருடத்தில் மேல் அளவு, மற்றக் கிராமங்களை விட சுமார் 5 புள்ளி கூடுதலாக இறங்கியிருந்தது. வாசலுக்கு வந்து ஒருவர் கேட்பதற்கு அவ்வளவு பலன் உண்டு.

லயத்து வாசலுக்கு நாம் எல்லோரும் போக முடியாது. கொழும்பிலும் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்கிறோம். ஆனால் தொலைபேசி இருக்கிறது. இந்த வாரம் பேசும்போது, "கிளினிக் கொப்பியை எடுங்க" என்று சொல்லுங்கள். கடைசி அளவு என்ன? குளிசை எத்தனை நாளைக்கு மிச்சம்? அடுத்த தேதி எப்போது? இந்த மூன்றையும் கேளுங்கள். இதுவரை அளந்தே பார்க்காதவர் என்றால், 35 வயதைக் கடந்தவர்களை அரச ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இலவசமாகப் பார்க்கிறார்கள் என்று சொல்லி அனுப்புங்கள்.

அம்மா இப்போது மெதுவாகப் பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கேட்கும் முன்பே கொப்பியைப் பிரித்து, எழுத்துக் கூட்டுவதுபோல அளவை வாசிக்கிறார். அந்தக் கேள்வியை நான் சில வருடம் முந்தியே கேட்டிருக்கலாம். நீங்கள் பிந்த வேண்டாம்.