ஆயா வேலையும் செவிலியர் கல்வியும்

ஜி. யு. போப் 1842இல் வந்து கல்விப்பணி புரிந்த சாயர்புரமே என் ஊர். படுக்கையில் கிடக்கும் முதியோரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் பெண்கள் இங்கே உண்டு. அவர்களை ஆயா என்றழைப்பதோடு சரி. பெயரைக் கேட்பவர் அரிது.

அவர்களுள் ஒரு பெண்மணி, நோயாளியின் இடுப்பெலும்பருகே தோல் சிவந்தால் உடனே ஒருக்களிக்க வைப்பார். அச்சிவப்பு விரலால் அழுத்தியும் வெளுக்காவிடில், அது படுக்கைப்புண்ணின் முதற்படி. உடலின் பாரம் அவ்விடத்து இரத்த ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என்பது செவிலியர் பாடம். செய்கை அவரிடம் இருக்கிறது. காரணம் நூலில் இருக்கிறது.

இரண்டுக்கும் இடையே உள்ள வாயிலோ குறுகியது. துணைச் செவிலியர் பயிற்சி இரண்டாண்டு. அதில் சேரப் பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருத்தல் வேண்டும். வயது 17க்குக் குறையாமலும் 35க்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பத்தாண்டு அனுபவம் இவற்றுள் ஒன்றுக்கும் ஈடாகாது. நாடெங்கும் பயிற்சியின் தரம் ஒரே சீராக அமையவேண்டும் என்றே 1947இல் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் இயற்றப்பட்டது. அது நன்றே. ஆயினும் அனுபவத்துக்குச் சிறிதேனும் மதிப்பளித்தால் தரம் குன்றிவிடுமா?

அப்பெண்மணி பத்தாம் வகுப்போடு நின்றவர். இப்பொழுது தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே மேனிலைத் தேர்வுக்கு இரவில் படித்து வருகிறார். வயது 31.