வீட்டினுள் வீடு

(திருவண்ணாமலையில் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



திருவண்ணாமலைக் கோயிலின் கிளிக் கோபுரத்தை அறியாதார் இவ்வவையில் இலர். அருணகிரிநாதர் தம் உடம்பை ஓரிடத்தே கிடத்திவிட்டு, உயிர்நீத்த கிளி ஒன்றன் உடம்பினுள் புகுந்து மலர் கொணரச் சென்றார் என்றும், அவர் மீள்வதற்குள் அவருடம்பை எரித்துவிட்டமையால் கிளியாகவே அக்கோபுரத்தில் தங்கினார் என்றும் இவ்வூரார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அது நடந்ததா இல்லையா என்பது இன்றைய வழக்கன்று. உயிர் வேறு, கூடு வேறு. கூடு எரிந்தாலும் உயிர் பிறிதொரு கூட்டில் வாழக்கூடும் என்னும் கருத்தே இங்கு வேண்டப்படுவது. கூடுவிட்டுக் கூடு பாயும் அக்கலையைக் கணினியியலார் மெய்யாகவே செய்து முடித்துவிட்டனர். ஓர் இயங்குதளத்தினுள் மற்றோர் இயங்குதளத்தை வாழச்செய்யும் கலை அது. அதனால் தமிழுக்கு என்ன பயன் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் நோயைச் சொல்லிப் பின்னர் மருந்தைச் சொல்வதே முறை.

போளூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியர் ஒருவர் இருந்தார் எனக் கொள்க. அவர் முப்பது ஆண்டுக் காலம் வயல்வரப்புகளிலும் சவ்வாது மலைச் சரிவுகளிலும் நடந்து, உழவரும் குயவரும் தச்சரும் வழங்கும் சொற்களைத் திரட்டினார். 1997-இல், தம் ஓய்வுத் தொகையில் ஒரு பகுதியைச் செலவிட்டு, அச்சொற்றொகுதியைக் கணினி அச்சுக் கடையொன்றில் தட்டெழுதச் செய்தார். நூலாக்கப் பணமில்லை. நான்கு நெகிழ்வட்டுகளில் அதனை வாங்கி வைத்திருந்து, அவ்வாறே மறைந்தும் போனார். கையெழுத்துப் படியைக் கறையான் தின்றது. இன்று அவர் பெயரன் அவ்வட்டுகளை எடுத்துக் கணினியில் இட்டுத் திறக்கின்றான். திரையில் தோன்றுவது தமிழன்று. உரோம எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளும் விரவிய குப்பை! பாட்டன் பித்தேறி எழுதினான் போலும் என்று அவன் அதனை அழித்துவிட்டால், முப்பதாண்டு உழைப்பு ஒரு நொடியில் மாளும். பெயர் சொல்லப்பெறாத இவ்வாசிரியரைப் போன்றோர் தமிழ்நாட்டில் ஒருவர் இருவரல்லர்.

ஏன் குப்பையாய்த் தெரிகின்றது? கணினி எழுத்தை எழுத்தாக அறியாது, எண்ணாகவே அறியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என வகுப்பதே குறியேற்றம். 1990-களில் தமிழ் எழுத்துரு ஆக்கியவர்கள், ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களை ஏற்றினர். ஆளுக்கொரு வகையாக ஏற்றினர்! ஒருவர் 'க'வை வைத்த இடத்தில் மற்றொருவர் 'ழ'வை வைத்தார். அவ்வெழுத்துரு இருந்தால் தமிழ், இல்லையேல் குப்பை. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தாம், தாப் என்னும் இரு குறியேற்றங்களும் தமிழ் 99 விசைப்பலகையும் வகுக்கப்பெற்றன. பின்னர் ஒருங்குறி பரவியது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. ஆயினும் அதற்குமுன் தட்டெழுதப்பெற்றவை பழங்குறியேற்றத்திலேயே அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைத் திறக்கவல்ல பக்க வடிவமைப்பு மென்பொருள்களும் எழுத்துருக்களும் விசைப்பலகை நிரல்களும் விண்டோசு 98, விண்டோசு எக்சுபி ஆகிய பழைய தளங்களுக்கென ஆக்கப்பெற்றவை. இன்றைய தளங்களில் அவற்றுட் பல நிறுவவும் படா. அப்பழந்தளங்களோ இறந்துபட்டவை. 98-ஐக் காக்கும் பணியை மைக்குரோசாப்டு நிறுவனம் 2006-இல் நிறுத்திவிட்டது. எக்சுபியை 2014 ஏப்பிரல் 8-இல் கைவிட்டது. கூடு எரிக்கப்பட்டுவிட்டது; உயிர் தங்கக் கிளி வேண்டும்!

அக்கிளியே மெய்நிகர் எந்திரம்.

கணினியில் கீழே இருப்பது வன்பொருள்: செயலி, நினைவகம், வட்டு, திரை. அவற்றை ஆள்வது இயங்குதளம். அதன்மேல் வாழ்வன மென்பொருள்கள். ஒரு வீட்டுக்கு ஓர் ஆட்சி என்பது இயல்பு. மெய்நிகர் எந்திர முறையிலோ, வீட்டுத் தலைமைத் தளத்தின்மேல் மேற்பார்வை நிரல் என ஒன்று அமர்கின்றது. அது இல்லாத கணினியொன்றை இருப்பதுபோல் காட்டுகின்றது. தலைமைத் தளத்தில் உள்ள பெருங்கோப்பு ஒன்றே அதற்கு வட்டு. நினைவகத்தின் ஒரு கூறே அதற்கு முழு நினைவகம். திரையில் ஒரு சாளரமே அதற்குத் திரை. அதனுள் பழந்தளத்தை நிறுவினால், தான் ஒரு தனிக்கணினியை ஆள்வதாகவே அது எண்ணிக்கொண்டு இயங்கும். அது பிறப்பிக்கும் பொதுக் கட்டளைகள் செயலியில் நேராகவே நடைபெறும். எந்திரத்தின் ஆட்சிப் பிடியைத் தொடும் கட்டளைகளை மட்டும் மேற்பார்வை நிரல் இடைமறித்துத் தானே செய்து கொடுக்கும். ஆதலின் விரைவு பெரிதும் குறைவதில்லை. வீட்டுக்குரிய தளத்தை ஓம்பும் தளம் என்றும், உள்ளே வந்து தங்குவதை விருந்துத் தளம் என்றும் சொல்லலாம். விருந்தோம்பலை அறமாகப் போற்றிய இனத்துக்கு இச்சொற்கள் அயலல்ல.

இக்கலை நேற்றுப் பிறந்ததன்று. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்கக் கேம்பிரிட்சு நகரில் 1960-களிலேயே ஒரு பெருங்கணினியைப் பல கணினிகளாகப் பகுத்துக் காட்டினர். 1972-இல் அதனை வணிகப் பொருளாகவே அறிவித்தனர். 1974-இல் போப்பெக்கு, கோல்டுபெர்க்கு என்னும் இருவர் இம்முறைக்குச் செயலி எவ்வாறு அமைந்திருத்தல் வேண்டும் என இலக்கணம் வகுத்தனர். வீட்டுக் கணினிகளின் செயலிகள் அவ்விலக்கணத்துக்கு இயையவில்லை. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் அத்தடையை மென்பொருளாலேயே கடந்தது. 2005-இல் இண்டெலும் 2006-இல் ஏ.எம்.டி.யும் செயலியிலேயே இதற்கென ஏந்து அமைத்தன. 2007-இல் வர்ச்சுவல்பாக்சு என்னும் மென்பொருள் மூலநிரலோடு யாவர்க்கும் திறந்துவிடப்பெற்றது. அன்று அரசுகளும் பெருநிறுவனங்களும் மட்டுமே கொண்டிருந்த ஆற்றல், இன்று திருவண்ணாமலைத் தெருவில் உள்ள எளிய வீட்டுக்கும் விலையின்றிக் கிடைக்கின்றது.

செய்முறையும் கடினமன்று. எட்டுக் கிகாபைட்டு நினைவகமுள்ள கணினி போதும். அதன் தொடக்க அமைப்பினுள் சென்று, செயலியின் மெய்நிகராக்க ஏந்து அணைந்திருப்பின் அதனை இயக்குக. ஓம்பும் தளத்தில் வர்ச்சுவல்பாக்சை நிறுவுக. புதிய எந்திரம் ஒன்றை உண்டாக்கி, எக்சுபிக்கு ஒரு கிகாபைட்டு நினைவகமும் இருபது கிகாபைட்டு வட்டும் தருக. அதற்கு மிகவே போதும். உரிமம் பெற்ற பழைய குறுவட்டைக் கொண்டு தளத்தை நிறுவுக. அறத்தின் பொருட்டுச் செய்யும் பணியில் களவு கூடாது. பின்னர் அந்நாளைய எழுத்துருவையும் வடிவமைப்பு மென்பொருளையும் நிறுவி, ஓம்பும் தளத்துக்கும் விருந்துத் தளத்துக்கும் பொதுவான கோப்புறை ஒன்றன் வழியே கோப்பினை உட்செலுத்துக. பாட்டன் எழுதியது எழுதியவாறே தமிழாய்த் தோன்றும்!

மூன்று காவல்கள் தேவை. ஒன்று: விருந்துத் தளத்துக்கு இணையத் தொடர்பு கொடுத்தல் ஆகாது; காப்பற்ற பழந்தளம் கதவில்லா வீடு. இரண்டு: எல்லாம் செவ்வையாய் அமைந்தவுடன் அந்நிலையைப் படமெடுத்து வைத்துக்கொள்க, பிழை நேர்ந்தால் ஒரு சொடுக்கில் அந்நிலைக்கே மீளலாம். மூன்று: மூல வட்டினைத் தொடாமல், படியெடுத்து அப்படியிலேயே வேலை செய்க. விண்டோசு 98 போன்ற மிகப் பழந்தளங்கள் இன்றைய செயலிகளில் முரண்டு பிடித்தால், பழஞ்செயலியையே மென்பொருளால் நடித்துக் காட்டும் முறையும் உண்டு. அது சற்று மெல்லச் செல்லும். ஆயினும் சென்று சேரும். அதற்கும் முந்திய தாசு தள நிரல்களுக்குத் தாசுபாக்சு என்னும் மென்பொருள் உள்ளது.

கண்ணால் கண்டதோடு பணி முடிந்துவிடாது. திறந்த கோப்பினை ஒருங்குறிக்கு மாற்றிச் சேமித்தால்தான் அது மீண்டும் உலவும். இதில் தமிழருக்கு முன்னோர் காட்டிய வழி உண்டு. திருமழபாடிக் கோயிலைப் புதுக்குமாறு முதலாம் இராசராசன் ஆணையிட்டபோது, இடிக்கப்படவிருந்த சுவரின் கல்வெட்டுகளை முதலில் படியெடுத்து வைத்தனர். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவற்றைப் புதிய சுவரில் மீண்டும் பொறித்தனர். சுவர் மாறியது, செய்தி மாறவில்லை. பழையதைப் படிக்கும் திறமும் கூடவே வேண்டும் என்பதற்கு இம்மாவட்டத்துச் செங்கமே சான்று. அங்குள்ள பல்லவர் கால நடுகற்களில் வட்டெழுத்து உள்ளது. வட்டெழுத்து வழக்கொழிந்தபின், ஆநிரை மீட்டு மாண்ட மறவனின் பெயர் ஊர்நடுவே நின்றும் ஊமையாயிற்று. அவ்வெழுத்தறிந்தோர் படித்து, 1972-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 'செங்கம் நடுகற்கள்' என்னும் நூலாக வெளியிட்ட பின்னரே அம்மறவர் மீண்டும் வாய்திறந்தனர். 1990-களின் எழுத்துருக்கள் இக்காலத்து வட்டெழுத்துகள். கல் ஆயிரம் ஆண்டு காத்திருந்தது, நெகிழ்வட்டோ காத்திராது. அதன் காந்தப் பூச்சு ஆண்டுக்காண்டு மங்கிக்கொண்டே போகின்றது. பூஞ்சையும் பிடிக்கின்றது.

அச்சில் வந்தவற்றை ஒளிவருடி எழுத்துணர்ந்து கொள்ளலாமே, இத்தனை முயற்சி எதற்கு என வினவுவார் உளர். அச்சில் வந்தவற்றுக்கு அது பொருந்தும். அச்சேறாதவற்றுக்கு என்ன செய்வது? மேலும், எழுத்துணரும் நிரல் எழுத்தை மாற்றிப் படித்தால் வரிவரியாய் மெய்ப்புத் திருத்த வேண்டும். மூலக்கோப்பு கிடைத்தால், ஆசிரியர் திருத்தியது திருத்தியவாறே கிடைக்கும்.

இனி, இவ்விருந்தோம்பலில் ஒளிந்துள்ள பாடம் ஒன்று உண்டு. விருந்துத் தளம், தான் விருந்து என்பதை அறியாது! முழு எந்திரமும் தன்னுடையதே என நம்பிக்கொண்டிருக்கும். ஆயின் அதற்கு எவ்வளவு நினைவகம், எவ்வளவு வட்டு, எந்த வாயில் திறப்பு, எந்த வாயில் அடைப்பு என்பதையெல்லாம் வரையறுப்பது ஓம்பும் தளமே. ஓம்பும் தளம் அணைந்தால் விருந்தும் அணையும். கணினியுலகில் தமிழின் நிலை இதுவன்றோ? 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில், இந்தியத் துறையினர் வகுத்த பொதுச் சட்டகத்தைப் பின்பற்றித் தமிழுக்கு 128 இடங்களே ஒதுக்கப்பெற்றன. உயிரும் அகரமேறிய மெய்யும் துணைக்குறிகளும் இடம்பெற்றன. ஏனைய உயிர்மெய்களுக்குத் தனியிடம் இல்லை. 247 எழுத்துடைய மொழிக்குப் பிறர் அளந்த திண்ணை அது. குழப்பத்தைத் தீர்த்த நன்றி ஒருங்குறிக்கு உண்டு, அந்நன்றியை மறத்தலாகாது. ஆனால் தமிழுக்கு இடம் ஒதுக்கும் அவையில் தமிழன் பிந்தியே சென்றான் என்பதையும் மறத்தலாகாது.

மற்றொன்று காண்க. 2025 அக்டோபர் 14-இல் விண்டோசு 10-க்கும் பொதுக்காப்பு நின்றது. அடுத்த பதிப்போ பழைய செயலிகளை ஏற்பதில்லை. நன்றாய் ஓடும் கணினியைக் குப்பையிலிட்டுப் புதியது வாங்குக என்பதே அதன் பொருள். ஏழை மாணவன் என் செய்வான்? வழி உண்டு. கட்டற்ற இலினக்சை ஓம்பும் தளமாக்குக; தவிர்க்கவியலாத விண்டோசு மென்பொருளை அதனுள் விருந்தாக வைக்க. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில், சென்னையில் சீரமைத்த பாசு இலினக்சும் விண்டோசும் அருகருகே இருந்தன. ஒன்றை அணைத்துத்தான் மற்றொன்றைத் திறக்க வேண்டும். ஒரு முற்றத்தில் இரு வீடு போன்ற அமைப்பு அது. அவற்றுள் தமிழன் தன் விருப்பம்போல் திருத்தவும் முழுதும் தமிழில் ஆக்கவும் உரிமையுள்ள வீடு எது என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தனர்? மூலநிரல் திறந்த தளத்தில் தமிழன் வீட்டுக்காரன்; மூடிய தளத்தில் அவன் வாடகைக்காரன். விருந்தினனை வெறுக்க வேண்டுவதில்லை. யார் வீட்டில் யார் விருந்து என்பதை முடிவு செய்யும் உரிமையே வேண்டுவது.

மாணவச் செல்வங்களே! கார்த்திகை விளக்கீட்டன்று இம்மலையுச்சியில் ஏற்றும் விளக்கைக் காண நாடெங்குமிருந்து மக்கள் திரள்கின்றனர். திரியும் நெய்யும் ஆண்டுதோறும் புதியன. ஒளி மட்டும் பழையது. அதுபோல் ஒவ்வொருவரும் வீடு சென்று பெட்டியையும் பரணையும் தேடுக. பாட்டன் வைத்த நெகிழ்வட்டையும் குறுவட்டையும் எறிந்துவிடாதீர். அச்சகத்தாரின் பழங்கணினியைக் காயலான் கடைக்குப் போகுமுன் தடுத்து, எழுத்துருக்களைப் படியெடுங்கள். ஒருவர் ஒரு நூலை மீட்டாலும் போதும். எரிந்த கூட்டுக்காக அழுவதை விடுத்து, உயிர் தங்கக் கிளியொன்றை ஆயத்தம் செய்யுங்கள்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் உரிமை!