ஆற்றை அளப்பது யார்?

ஆற்றுக்கு ஊர் எல்லை தெரியாது. அதனால்தான் நியூசிலாந்து 1989-இல் மண்டல மன்றங்களின் எல்லைகளைப் பெரும்பாலும் ஆற்று வடிநிலங்களை ஒட்டியே வகுத்தது. சுற்றுச்சூழலைக் கண்காணிப்பதை 1991-ஆம் ஆண்டு வள மேலாண்மைச் சட்டம் அவற்றின் கடமையாக்கியது. ஆய்வாளர்கள் பல இடங்களில் மாதம் ஒருமுறை நீர் மாதிரி எடுக்கிறார்கள். ஆனால் மழைக்கு மறுநாள் பண்ணைச் சாணம் ஓடையில் கலந்தால், அதை முதலில் காண்பவர் கரையில் குடியிருப்பவர்தான்.

அவரைப் போன்ற பழகாதவர்கள் ஆற்றை அளந்தால் அதை நம்பலாமா என்று சிலர் கேட்பார்கள். நியூசிலாந்தில் பொதுமக்களுக்கென்றே எளிய ஓடைச் சோதனைக் கருவிப்பெட்டி உண்டு. கல்லுக்கடியில் எந்தெந்தப் பூச்சிகள் வாழ்கின்றன என்பதை வைத்தே நீரின் நலத்தைக் கணிக்கலாம். துல்லியம் சற்றுக் குறையலாம். ஆனாலும் ஆய்வகம் எங்கே தேட வேண்டும் என்பதை அந்தச் சோதனை காட்டிவிடும். மேலும், தாமே அளந்து பார்த்தவர்களிடம் தண்ணீர்க் கட்டுப்பாட்டின் காரணத்தை விளக்குவதும் எளிது. ஆகவே ஊராரின் அளவீடும் மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற வேண்டும்.