சேற்றில் இறங்குமுன்: தடைதாண்டும் ஓட்டத்திற்கு ஆயத்தமாதல்

(இலண்டன் வாழ் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமான உரையின் எழுத்து வடிவம்)



இளவேனில் பிறந்ததும் இலண்டன் தமிழ் இல்லங்கள் பலவற்றில் ஒரே வகையான உரையாடல் நிகழ்கின்றது. பல்கலைக்கழகத்திற் பயிலும் மகனோ மகளோ, நண்பர் நால்வருடன் சேற்று ஓட்டம் ஒன்றிற்குப் பதிவு செய்துவிட்டதாக அறிவிக்கின்றார். தாயகத்துப் பாடசாலை ஒன்றிற்கு நிதி சேர்ப்பது நோக்கம். "காசு கட்டிச் சேற்றிலே விழுவதற்கோ உன்னை வளர்த்தோம்?" என்று தாய் கேட்கின்றார். தந்தை எதுவும் பேசாது இருபது பவுண் அனுசரணை வழங்குகின்றார். ஓட்டத்திற்கு ஆறு வாரங்களே எஞ்சியுள்ளன. பயிற்சி எப்போது தொடங்கியது என்ற வினாவை மட்டும் அந்த வீட்டில் எவரும் எழுப்புவதில்லை. அவ்வினாவே இன்றைய உரையின் பொருளாகும்.

தடைதாண்டும் பயிற்சி வெறும் கேளிக்கையாகத் தோன்றியதன்று. 1902ஆம் ஆண்டு கரிபியன் கடலிலுள்ள மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து சென் பியர் நகரம் அழிந்தது. அங்கு மீட்புப் பணியில் ஈடுபட்ட பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜோர்ஜ் எபேர், உடல் வலிமை பிறர்க்குப் பயன்படும்போதே பொருள் பெறுகின்றது என்ற முடிவுக்கு வந்தார். ஓடுதல், ஏறுதல், தாண்டுதல், சுமத்தல், நீந்துதல் என இயற்கையான அசைவுகளைக் கொண்டு அவர் வகுத்த பயிற்சிமுறை, பின்னர் படையினரின் தடைப் பயிற்சிக்கு வழிகாட்டியது. பொதுமக்கள் பங்குகொள்ளும் சேற்று ஓட்டங்களுக்குப் பிரித்தானியாவே முன்னோடி எனலாம். வொல்வர்ஹாம்ப்டன் நகருக்கு அருகே 1987இல் பில்லி வில்சன் என்பவர் 'டஃப் கை' போட்டியைத் தொடங்கினார். ஆங்கிலேயரான வில் டீன், கை லிவிங்ஸ்டன் ஆகியோர் 2010இல் அமெரிக்காவில் நிறுவிய 'டஃப் மடர்', 2012இல் பிரித்தானியாவுக்கு வந்தது. 2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் நவீன ஐந்திறப் போட்டியின் குதிரையேற்றத்திற்குப் பதிலாகத் தடைதாண்டலே இடம்பெறவுள்ளது.

ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளமான வழமையான டஃப் மடர் ஓட்டத்தில் முந்துவோர் பிந்துவோர் என்ற கணக்கு இல்லை. முடித்த அனைவருக்கும் தலைப்பட்டி வழங்கப்படுகின்றது. ஆயினும் அங்குள்ள உயர்ந்த மதிலைத் தனியொருவராக ஏறிக் கடத்தல் பெரும்பாலானோர்க்கு இயலாது. ஒருவர் தோள் கொடுக்க வேண்டும். மற்றொருவர் மேலிருந்து மணிக்கட்டைப் பற்றி இழுக்க வேண்டும். ஊர்த் திருவிழாக்களில் வழுக்குமரம் ஏறியோருக்கு இது புதிதன்று. உச்சியைத் தொட்டவரின் பெயர் ஊரெங்கும் பரவினாலும், கீழே தோள் கொடுத்தோர் இன்றி அவர் ஏறியிருக்க முடியாது. இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. பயிற்சியின்றி வருபவர் தம்மை மட்டும் வருத்திக்கொள்வதில்லை. தம் சுமையை நண்பரின் முதுகில் ஏற்றுகின்றார். எனவே ஆயத்தமாதல் என்பது உடன் வருவோர்க்கு ஆற்றும் கடமையாகும்.

இனி, கணக்கைப் பார்ப்போம். பிரித்தானியத் தேசிய சுகாதார சேவை பரிந்துரைக்கும் தொடக்கநிலை ஓட்டப் பயிற்சி, ஓடியே பழகாத ஒருவரை 5 கிலோமீற்றர் ஓட்டத்திற்குக் கொண்டுவர ஒன்பது வாரங்களை வகுத்துள்ளது. 15 கிலோமீற்றர் அதன் மும்மடங்கு. அதன்மேல் மதில், கயிறு, குளிர்நீர், சேறு. ஆறு வாரத்தில் இது எவ்வாறு நிறைவேறும்? ஓடியே பழகாதவருக்கு நான்கு முதல் ஐந்து மாதங்கள் தேவை. அத்துணைக் காலம் இல்லையெனில், இவ்வாண்டு 5 கிலோமீற்றர் ஓட்டத்தைத் தெரிவு செய்து, அடுத்த ஆண்டு நீண்ட ஓட்டத்திற்குச் செல்வதே அறிவுடைமை. அதில் இழிவு ஏதுமில்லை. பாலத்தின் மீது முழுச் சுமையையும் முதல் நாளே ஏற்றும் பொறியியலாளர் எவரும் இலர்.

பயிற்சிக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. 2004 ஒக்ரோபர் 2ஆம் நாள் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய பார்க்ரன், இன்று சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்கு நகரெங்கும் கட்டணமின்றி நடைபெறுகின்றது. இல்ஃபோர்ட் வலன்டைன்ஸ் பூங்கா, டூட்டிங் திடல், குரொய்டன் லொயிட் பூங்கா என்பன தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுக்கு அருகே உள்ளவை. மேடும் மழைக்காலச் சேறும் உடைய லொயிட் பூங்கா இத்தகைய ஓட்டத்திற்குச் சிறந்த பயிற்சிக்களம். 4 முதல் 14 வயது வரையான சிறுவருக்கு ஞாயிறு காலையில் 2 கிலோமீற்றர் ஓட்டம் தனியாக உண்டு.

வெறும் ஓட்டம் போதாது. தடையோட்டத்தில் ஓடுவதும் நிற்பதும் தூக்குவதும் மாறி மாறி வருகின்றன. ஆகவே 800 மீற்றர் ஓடி நின்று, பத்துத் தண்டால், இருபது முறை குந்தி எழுதல், மீண்டும் 800 மீற்றர் என்ற ஒழுங்கில் பழகுதல் வேண்டும். பலர் தோற்பது காலால் அன்று, கைப்பிடியால். பூங்காவின் இரும்புச் சட்டத்தில் பத்து விநாடி தொங்கத் தொடங்கி, வாரந்தோறும் ஐந்து விநாடி கூட்டலாம். சட்டத்தின் மேல் துவாய் ஒன்றை இட்டு அதைப் பிடித்துத் தொங்கினால் பிடி மேலும் உறுதியாகும். சுமப்பதற்கு எல்லாத் தமிழ் வீட்டிலும் ஒரு கருவி உண்டு: பத்துக் கிலோ அரிசிப் பை. அதை முதுகுப்பையில் இட்டு மேடு ஏறி இறங்கலாம். வாரத்தில் இரு நாள் முழு ஓய்வு கட்டாயம். இறுதி வாரத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. தெற்காசியரிடையே இரண்டாம் வகை நீரிழிவு இளவயதிலும் குறைந்த எடையிலும் தோன்றுகின்றது. இதனாலேயே தேசிய சுகாதார, பராமரிப்பு மேன்மை நிறுவனம் 2013இல், ஏனையோருக்கு உடல் நிறைச் சுட்டெண் 25 என்றிருந்த எச்சரிக்கை எல்லையைத் தெற்காசியருக்கு 23 எனப் பரிந்துரைத்தது. மகனுடன் ஓட விரும்பும் நாற்பது வயதுத் தந்தை முதலில் குடும்ப மருத்துவரை நாடுதல் வேண்டும். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை, ஏற்கெனவே இருதய நோய், நீரிழிவு முதலியன இல்லாதோருக்கு, இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. இன்சுலினோ நீரிழிவு மாத்திரையோ எடுப்போர், நீண்ட ஓட்டத்தில் குருதிச் சீனி தாழக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ்ப் பாடசாலையில் விட்டுவிட்டு, வகுப்பு முடியும் வரை வாகனத்துள் கைத்தொலைபேசியுடன் காத்திருக்கும் பெற்றோர் பலர். அந்த இரு மணி நேரம் அருகிலுள்ள பூங்காவுக்கு உரியதாகட்டும்.

ஓட்ட நாளுக்குரிய ஒழுங்குகள் சில. பருத்தி ஆடை நீரை உறிஞ்சிக் கனக்கும். செயற்கை இழை ஆடையே ஏற்றது. சப்பாத்து பழகியதாகவும் அடியில் ஆழ்ந்த பற்கள் உடையதாகவும் இருத்தல் வேண்டும். மோதிரம், தாலிக்கொடி, காப்பு ஆகியன வீட்டிலேயே இருக்கட்டும். கயிற்றில் சிக்கிய மோதிரம் விரலையே பறிக்கும். ஓட்டத்திற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக இடியப்பமோ பிட்டும் வாழைப்பழமுமோ போதும். மாற்றுடையும் பெரிய துவாயும் மறவாதிருத்தல் வேண்டும். குளிர் தாக்குவது ஓடும்போதை விட நின்ற பின்னரே.

ஆபத்தை மறைத்தல் முறையன்று. 2013இல் அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் நடந்த டஃப் மடர் ஓட்டத்தில், உயரத்திலிருந்து நீரிற் குதிக்கும் தடையில் ஒருவர் மூழ்கி உயிரிழந்தார். குளிர்நீரில் வீழ்ந்ததும் மூச்சுத் திணறுவது உடலின் இயல்பு; மூச்சு சீராகும் வரை நீந்த முனையலாகாது. நீந்தத் தெரியாதவர் அத்தடையைத் தவிர்த்து அப்பால் நடக்கலாம். எந்தத் தடையையும் தவிர்க்க ஓடுவோருக்கு உரிமை உண்டு. 2012இல் நெவாடாவில் நடந்த தடையோட்டமொன்றின் பின் 22 பேர் குடற்றொற்றுக்கு ஆளாயினர். விலங்குக் கழிவு கலந்த சேற்றுநீர் வாய்க்குள் சென்றதே காரணமெனக் கருதப்பட்டது. ஆகவே வாயை மூடியே தவழ்தல் வேண்டும். காயத்தை உடனே தூய நீரால் கழுவுதல் வேண்டும். ஏற்புத் தடுப்பூசி முழுமையாக உள்ளதா என முன்னரே உறுதி செய்தல் வேண்டும். பின்னர் காய்ச்சலோ வயிற்றோட்டமோ கண்டால், சேற்றில் ஓடியதை மருத்துவரிடம் சொல்லுதல் வேண்டும்.

பதிவுப் படிவத்தில் கையொப்பமிடுமுன் அதைப் படித்தல் அவசியம். அலட்சியத்தால் நேரும் மரணத்திற்கோ காயத்திற்கோ உள்ள பொறுப்பை ஒரு வணிக நிறுவனம் படிவத்தின் மூலம் விலக்கிக்கொள்ளப் பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் இடமளிப்பதில்லை. ஆயினும் சட்டம் முறிந்த காலை ஒட்டவைக்காது.

இறுதியாக, வீட்டுக்குள் பேசப்படாத ஒன்று. முட்கம்பியின் கீழ் சேற்றில் தவழ்வது இலண்டனிற் பிறந்த பிள்ளைக்கு விளையாட்டு. பதுங்கு குழியில் ஒளிந்திருந்த தாய்க்கு, 2009இல் நந்திக்கடல் நீரேரியில் நீருக்குள் நடந்து வந்த மாமாவுக்கு, அது விளையாட்டாகத் தோன்றாதிருக்கலாம். "எதற்கு இந்தப் பைத்தியக்கார வேலை?" என்ற தாயின் சினத்தின் அடியில் வேறொரு நினைவு இருக்கக்கூடும். இளையோர் அதைப் பொறுமையுடன் கேட்டறிதல் வேண்டும். பார்வையாளராக வரும்படி வற்புறுத்தலாகாது. பெற்றோரும் சினத்திற்குப் பதிலாகக் காரணத்தைச் சொல்லுதல் நன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள், மழையிலும் சேற்றிலும் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, முதியோரைத் துவிச்சக்கர வண்டியில் இருத்தித் தள்ளியோரும் பிறர் பிள்ளையைத் தோளிற் சுமந்தோரும் இருந்தனர். அவர்கள் எவருக்கும் தலைப்பட்டி கிடைக்கவில்லை. வலிமை எதற்கு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

மதிலின் உச்சியை அடைந்த இளைஞர் அப்படியே இறங்கி ஓடிவிடாது, திரும்பிக் குனிந்து, முன்பின் அறியாத ஒருவரின் மணிக்கட்டைப் பற்றித் தூக்குவாராயின், அந்த ஓட்டம் அதன் பயனைப் பெற்றுவிட்டது. அதற்குரிய பயிற்சி வரும் சனிக்கிழமை காலை தொடங்கட்டும். அனுசரணைப் பணம் அதன்பின் சேரட்டும்.