பாறையில் பதிந்த பாதம் யாருடையது?



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருக்கும் விஷயம் காலடித் தடம். மனிதன் காலடியுமல்ல, கடவுள் காலடியுமல்ல. பல கோடி வருஷங்களுக்கு முன் இலை தழைகளைத் தின்று வாழ்ந்து, அடியோடு மாண்டுபோன டைனோசர் என்னும் பெரும் பிராணிகளின் காலடி. "செத்துப்போன மிருகத்தின் காலடியைப் பற்றி நமக்கென்ன?" என்று சிலர் கேட்கலாம். பாறையில் ஒரு பள்ளத்தைக் கண்டவுடன் அது இன்னாருடைய பாதமென்று யாரோ ஒருவர் சொல்லி விடுவதும், உடனே அதற்கு ஒரு கோயிலும் கதையும் யாத்திரையும் ஏற்பட்டு விடுவதும் உலகமெங்கும் இருந்துவரும் வழக்கம். ஆகவே, ஒரு தடத்தைப் பார்த்து எதுவரையில் சொல்லலாம், எதற்குமேல் சொல்லக்கூடாது என்று தெரிந்துகொள்வது நமக்கு அவசியமேயாகும்.

போர்த்துகல் தேசத்தில், லிஸ்பன் நகருக்குத் தெற்கே, எஸ்பிஷெல் என்று கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு முனை இருக்கிறது. அங்கே கடலோரத்துச் சரிவான பாறையில், கீழிருந்து மேலாக வரிசை வரிசையாய்த் தடங்கள் தெரிகின்றன. ஏசுவின் தாயாகிய மேரியம்மை ஒரு கோவேறு கழுதையின்மேல் அமர்ந்து கடலிலிருந்து அந்தப் பாறைமேல் ஏறி வந்தாளென்றும், அந்தக் குளம்படிகளே இவையென்றும் பல நூற்றாண்டுகளாக அங்குள்ளவர்கள் நம்பி வந்தார்கள். பாறைக்கே "கோவேறு கழுதைக் கல்" என்றுதான் பெயர். உச்சியில் ஒரு சிறு கோயில் கட்டி, கழுதை ஏறிவந்த கதையை 18ஆம் நூற்றாண்டில் அதன் சுவரோடுகளில் சித்திரமாகவும் தீட்டி வைத்தார்கள்.

அந்தச் செம்படவர்களை நாம் கேலி செய்யப் போவதில்லை. அவர்கள் கண்ணால் பார்த்ததில் ஒரு தப்பும் இல்லை. இது மழை அரித்த குழியல்ல, ஏதோ ஒரு பிராணி நடந்துபோன அடையாளம் என்று படிக்காத அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள். இது சாமானியமான காரியமல்ல. நடந்தது யார் என்ற கேள்விக்கு விடை தேடுமுன்பே விடை தயாராயிருந்ததுதான் தொல்லை. கையில் கதை இருந்தது. தடத்தை அதில் மாட்டி விட்டார்கள்.

சங்கதி என்னவென்றால், அந்தத் தடங்கள் சுமார் 15 கோடி வருஷத்துப் பழமையானவை. அப்பொழுது அந்தப் பாறை சரிவாகவும் இல்லை, பாறையாகவும் இல்லை. நீரோரத்துச் சமதரைச் சேறாயிருந்தது. சேறு இறுகிக் கல்லாகி, பிற்பாடு பூமியின் அசைவினால் ஒருபக்கமாய்ச் சாய்ந்து நிற்கிறது. எந்தப் பிராணியும் அங்கே மலையேறவில்லை. சமதரையில்தான் நடந்தது, தரைதான் எழும்பிக் கொண்டது. அங்குள்ள ஒரு படுகையை அளந்து பார்த்து, குறைந்தது ஏழு சிறிய பிராணிகள் ஒரே திசையில் பக்கம் பக்கமாய்க் கூட்டமாகப் போயிருக்கின்றன என்று 1994இல் எழுதினார்கள். கழுதைக் கதையைவிட இது எந்த விதத்தில் சுவை குறைந்தது?

இது வெள்ளைக்காரன் ஊர்ப் பைத்தியம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் தார் ஜில்லாவில் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாய் வயற்காவல் தெய்வமென்று கும்பிட்டு வந்த உருண்டைக் கற்கள், இதே இனத்துத் தாவர பட்சிணி டைனோசர்களின் முட்டைகள் என்று 2023இல் விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள்.

சரி, விஞ்ஞானி எப்படிப் பெயர் வைக்கிறான்? இதுதான் முக்கியமான இடம். அவன் தடத்திற்கு ஒரு பெயரும், எலும்புக்கு வேறொரு பெயரும் வைக்கிறான். நீண்ட கழுத்தும் நீண்ட வாலும் தூண்போன்ற நான்கு கால்களும் உடைய இந்த இனத்துக்குப் பொதுவாக சாரோபாட் என்று பெயர். அந்த இனத்துத் தடமென்று தெரிந்தபிறகும், இன்ன எலும்புக்குரிய இன்ன பிராணிதான் இதை மிதித்ததென்று அவன் துணிந்து கூறுவதில்லை. ஏனென்றால் தடத்தோடு எலும்பு கிடப்பது மிக அபூர்வம். பல பிராணிகளுக்கு ஒரே மாதிரிப் பாதமிருக்கும். ஒரே பிராணி ஈரச்சேற்றில் ஒரு மாதிரியும் காய்ந்த சேற்றில் வேறு மாதிரியும் தடம் பதிக்கும். ஆகையால் தடத்தின் பெயர் தடத்துக்கு மாத்திரமே. நடந்தவன் பெயர் அதில் அடங்கவில்லை.

எதை அளக்கிறார்கள் என்று கேட்டால், பின்காலடி பெரியது, மூன்றடி நீளம்கூட இருக்கும். நகங்கள் வெளிப்பக்கமாய்த் திரும்பியிருக்கும். முன்காலடி சிறியது, குதிரை லாடம்போல் அரைவட்டமாயிருக்கும். முன்னடியின் பரப்பு பின்னடியின் பரப்பில் எத்தனையில் ஒரு பங்கு என்பது முதல் கணக்கு. இரண்டாவது கணக்குக்கு ஒரு கயிறு போதும். பிராணி சென்ற வழியின் நடுவே கயிற்றைப் பிடியுங்கள். இருபுறத்துப் பின்னடிகளும் கயிற்றை விட்டு எட்டி விலகி நின்றால் அது அகல நடை; கயிற்றைத் தொட்டுக்கொண்டு போனால் அது ஒடுக்க நடை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்துத் தடங்கள் அகல நடை. முன்னடி பின்னடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதற்கு 1989இல் "பிரான்டோபோடஸ் பேர்டி" என்று பெயரிட்டார்கள். பிரான்டோபோடஸ் என்றால் இடிப்பாதம் என்று பொருள். ஒடுக்க நடையும், நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கே உள்ள முன்னடியும் கொண்ட தடங்களுக்கு 1994இல் "பாராபிரான்டோபோடஸ்" என்று பெயர் வந்தது.

இரண்டு பெட்டி செய்தாயிற்று, இனி வருவதையெல்லாம் இரண்டில் ஒன்றில் போட்டுவிடலாம் என்றால், உலகம் அதற்கு இணங்கவில்லை. அகல நடை என்றால் டைட்டனோசர் என்ற பிற்காலத்துக் கிளையைச் சேர்ந்தது என்று எலும்பு ஆராய்ச்சியிலிருந்து 1999இல் ஒரு பலமான வாதம் எழுந்தது. ஆனால் அதே போர்த்துகலில், மேரியம்மை 1917இல் தோன்றியதாகச் சொல்லி லட்சக்கணக்கான ஜனங்கள் யாத்திரை போகும் பாத்திமா என்ற ஊருக்குச் சமீபத்தில், கலீனியா கல்குவாரியின் தரையில் 1994இல் தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒரே பிராணியின் நடை 147 மீட்டர் தூரம் தொடர்ந்து செல்லுகிறது! அதுவும் அகல நடை. ஆனால் பாறையின் வயது சுமார் 17 கோடி வருஷம். டைட்டனோசர் எலும்பு அவ்வளவு பழைய பாறையில் கிடைத்ததேயில்லை. போதாக்குறைக்கு முன்காலில் பெரிய கட்டைவிரல் நகத்தின் அடையாளம் வேறு இருந்தது. பெட்டியில் அடங்காத தடத்தை அடித்து நெருக்கி அடக்கப் பார்க்கவில்லை. 2009இல் "பாலியோனிக்ஸ்", அதாவது பலநகம், என்று புதுப்பெயர் கொடுத்தார்கள். சாஸ்திரத்துக்கு ஒவ்வாத கண்கூட்டை மாயை என்று தள்ளிவிடும் நம் பண்டிதர்கள் இதைக் கொஞ்சம் கவனிப்பார்களாக.

டெக்சாஸ் தடம் கிடைத்த கதை இன்னும் வேடிக்கையானது. 1930களில் பஞ்சகாலம். கிளென் ரோஸ் என்ற ஊரில் சிலர் கல்லில் ராட்சத மனிதப் பாதங்களைச் செதுக்கி விற்றுப் பிழைத்தார்கள். 1938இல் நியூயார்க் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையைச் சேர்ந்த ரோலண்ட் பேர்டு என்பவர் அத்தகைய கல்லைக் கடையில் பார்த்தார். பார்த்தவுடனே பொய்யென்று தெரிந்துகொண்டார். பொய்யென்று தள்ளிவிட்டுப் போகாமல், அது வந்த ஊரைத் தேடிப் போனார். அங்கே பாலக்ஸி ஆற்றின் பாறைத்தரையில் அசல் சாரோபாட் தடங்கள் இருந்தன. 1940இல் அவற்றில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து நியூயார்க்குக்குக் கொண்டு போனார்கள். மேலே சொன்ன பெயரில் "பேர்டி" என்றிருப்பது இவரையொட்டித்தான்.

அதே பேர்டு டெக்சாஸில் வேறோரிடத்தில் முன்னடிகள் மாத்திரமே பதிந்த வழியொன்றைக் கண்டு, பிராணி தண்ணீரில் மிதந்துகொண்டு முன்காலால் தரையை உந்திப் போயிருக்கிறது என்று 1944இல் எழுதினார். அழகான யோசனைதான். பிற்பாடு வந்தவர்களோ, முன்னடி சிறியதாதலால் பாரம் ஒரே இடத்தில் இறங்கி அடியிலுள்ள சேற்றுப் படிவம் வரையில் அழுந்தியிருக்கும், அகலமான பின்னடி மேலோடு நின்றிருக்கும், மேற்படிவம் கரைந்தபின் நாம் பார்ப்பது அடிப்படிவத்தைத்தான் என்று வேறு காரணம் காட்டினார்கள். இன்று பெரும்பாலோர் ஒப்புவது இதுவே. கண்டுபிடித்தவர் பெரியவர் என்பதற்காக அவர் வாக்கு வேதமாகவில்லை. தடத்தின் பெயரில் அவர் பெயர் மட்டும் நிற்கிறது.

நியூயார்க்குக்குப் போன தடத்தை அங்கே ஒரு பெரிய எலும்புக்கூட்டின் காலுக்குப் பின்னால், அதுவே நடந்து வந்ததுபோல் பதித்து வைத்தார்கள். அந்த எலும்பு அபடோசாரஸ் என்னும் பிராணியுடையது, சுமார் 15 கோடி வருஷத்தது. தடமோ சுமார் 11 கோடி வருஷத்தது. மிதித்ததாகக் காட்டப்படும் பிராணி, மிதிபட்ட சேறு உண்டாவதற்கு நாலு கோடி வருஷம் முன்பே செத்துப்போய் விட்டது! பார்வைக்கு அழகாயிருக்கிறது என்பதற்காகச் செய்த காரியம். கழுதைச் சித்திரம் தீட்டியவனும் இதைத்தான் செய்தான். ஆனால் இங்கே இரண்டின் வயதும் தெரியும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள்.

அப்படியானால் டெக்சாஸ் தடத்தை மிதித்தது எது? புளூரோசீலஸ் என்று வெகுகாலம் சொன்னார்கள். 1997இல் டெக்சாஸ் சட்டசபை அதையே மாகாண டைனோசராகத் தீர்மானமும் போட்டது. 2007இல் அந்தப் பக்கத்து எலும்புகள் வேறு பிராணியுடையவை என்று கண்டு பாலக்ஸிசாரஸ் என்று பெயரிட்டார்கள். 2009இல் சட்டசபை தன் தீர்மானத்தை மாற்றிக் கொண்டது. 2012இல் மற்றொருவர், அதுவும் தனிப்பிராணியல்ல, முன்பே பெயர் பெற்றிருந்த சாரோபொசைடன்தான் என்று எழுதினார். இத்தனை மாற்றத்திலும் ஆற்றங்கரைத் தடத்தின் பெயரில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 1989இல் வைத்த இடிப்பாதம் இடிப்பாதமாகவே இருக்கிறது.